தோட்டத் தமிழரும் உணர்வறிவும்: ஜொகூர் கூறும் வரலாறு

மக்கள் தாங்கிய துயரங்கள் வரலாற்று ஏடுகளில் எளிதில் இடம்பெறுவதில்லை. ஆண்டோரின் பெயர்கள் பதிவாகின்றன; திறக்கப்பட்ட பாலங்களும் இரயில் பாதைகளும் பதிவாகின்றன; கப்பலேறிய இரப்பரின் எடைகூடப் பதிவாகிறது. அந்த இரப்பர்ப் பாலைச் சேர்த்தவன் எத்தகைய உள்ளத்தோடு வைகறையில் எழுந்தான், பிள்ளையைப் பறிகொடுத்த மறுநாள் அவன் மனைவி எவ்வாறு மீண்டும் நிரைக்குச் சென்றாள் என்பன பதிவாவதில்லை. எனினும் அவர்கள் எழுந்தார்கள், சென்றார்கள், மக்களை வளர்த்தார்கள், ஒரு சமுதாயமாக நிலைத்தார்கள். உள்ளம் முறிந்துபோவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்த சூழலில் பெரும்பாலோர் முறியாமல் நின்றது எதனால்? ஜொகூர் மாநிலத்துத் தோட்டத் தமிழரின் வாழ்வை இந்த வினாவோடு அணுகுவது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரும்பயன் தருவதாகும்.

உடலும் உள்ளமும் தாங்கும் அழுத்தத்தை அறிவியல் முறையில் ஆராயத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஹான்ஸ் செல்யே. 1936-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரையே இத்துறைக்கு வித்திட்டது. ஓயாத நெருக்கடி மனிதனின் உடலையே அரித்துவிடும் என்பது அவர் ஆய்வின் சாரம். 1990-ஆம் ஆண்டில் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் உணர்வறிவு என்னும் கருத்தை முறையாக வகுத்தனர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பிற்று. தன் உள்ளத்தில் எழும் உணர்வு இன்னதென்று அறிதல், பிறர் உள்ளத்து உணர்வை உய்த்துணர்தல், உணர்வின் காரணத்தையும் போக்கையும் விளங்கிக்கொள்ளுதல், அதனை அடக்கி அழிக்காமல் ஆண்டு நடத்துதல் ஆகியவற்றை இவ்வறிவின் கூறுகள் எனலாம்.

இச்சொல் புதிது, இதன் பொருள் தமிழர்க்கு முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை எண்ணி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நான்கு நான்காக வகுத்துரைத்தார். உணர்வுக்குப் பெயரிடுவதோடு நில்லாமல், அஃது எதனால் பிறந்தது என்று வினவும் பழக்கம் அவ்விலக்கணத்தில் உள்ளது. திருவள்ளுவரோ வெகுளாமை, இடுக்கண் அழியாமை, குறிப்பறிதல் எனத் தனித்தனி அதிகாரங்களே வகுத்தார். இன்றைய உளவியலுக்கு நம் முன்னோரே மூலவர் என்று உரிமை கொண்டாடுவது மிகை. ஆயினும் உணர்வை அறிவின் பகையாகக் கருதாமல், அறிவால் ஆராயத்தக்க பொருளாகக் கருதிய மரபு தமிழில் உண்டு என்பது மறுக்கவொண்ணாதது. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியும் அம்மரபின் வழித்தோன்றலே.

கித்தாக் காட்டில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜொகூர், கம்பீரும் மிளகும் விளைந்த மண். சீனப் பயிர்த்தொழிலாளரே அன்று பெரும்பான்மையாக அக்காடுகளைத் திருத்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் வந்தது. 1909-இல் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இரயில் பாதை நிறைவுற்றதும், சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் எனப் பாதை நெடுகத் தோட்டங்கள் விரிந்தன. அவற்றிற்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் தேவைப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-க்குப்பின் கைவிடப்பட்டு, கங்காணி முறையே மேலோங்கிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் கடல் கடந்து, நோய்த்தடுப்புத் தனிமை முகாமில் காத்திருந்து, பின்னர் இரயிலிலும் மாட்டுவண்டியிலும் தோட்டம் சேர்ந்தனர்.

அவர்களின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிற்று. இருளிலேயே பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். உளியும் வாளியும் ஏந்தி நிரைக்குச் செல்ல வேண்டும். கொசுவும் அட்டையும் சூழ மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்துக் காண்டா வாளியில் சுமந்து கொட்டகை சேர்க்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. மலேரியா வந்தால் உயிருக்கே உறுதியில்லை. லயத்தின் ஓர் அறையில் ஒரு குடும்பமே அடங்கிற்று. துரைக்கும் கிராணிக்கும் அஞ்சி, கங்காணியின் கடனுக்கும் கட்டுப்பட்டு, பிறந்த ஊரின் செய்தி அறியாமல் கழிந்தது காலம்.

உளவியலார் ஓர் உண்மையை வலியுறுத்துவர். உழைப்பின் கடுமையைக் காட்டிலும், தன் வாழ்வு தன் கையில் இல்லை என்னும் நிலையே மனிதனை மிகுதியாக வதைக்கும். தோட்டத் தொழிலாளியின் நிலை அதுவே. எவ்வூரில் வாழ்வது, எப்போது எழுவது, எவ்வளவு கூலி பெறுவது ஆகிய யாவும் பிறரால் முடிவு செய்யப்பட்டன. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவின்போது இரப்பர் விலை வீழ்ந்ததும் பல்லாயிரவர் வேலையிழந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் அழைக்கப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தபின், இங்கிருந்தோர் இம்மண்ணிலேயே வேரூன்றத் தொடங்கினர்.

துயருக்கு வடிவம் தந்தமை

இத்தகைய வாழ்வில் தொழிலாளர் கைக்கொண்ட முதல் வழி, உணர்வுக்கு வடிவம் தருதல். பிள்ளையை உறங்கவைத்த தாலாட்டில் தாய்மாமன் சீரோடு பிரிந்த ஊரின் ஏக்கமும் கலந்தது. நாட்டுப்புறப் பாடல்களில் கப்பலும் கங்காணியும் கொசுவும் கூலியும் புகுந்தன. நேரில் பேச இயலாத கசப்பைப் பாட்டில் நகையாக்கிப் பாடினர். இறந்தவர்க்காகப் பெண்கள் வட்டமிட்டு அமர்ந்து ஒப்பாரி வைத்தனர். ஒப்பாரி என்பது கட்டற்ற புலம்பலன்று. அதற்கு மெட்டு உண்டு; முறை உண்டு; ஒருத்தி எடுக்க மற்றவர் தொடரும் ஒழுங்கு உண்டு. தனியொருத்தியின் துயர் அங்கே பலரின் துயராகப் பகிரப்பட்டது. அழுது தீர்ந்தபின் அவளை எழுப்பி நீராட்டி உணவூட்டும் கைகளும் அவ்வட்டத்திலேயே இருந்தன.

துயரைச் சொற்களாக்குவதால் நலம் விளைகிறது என்பதற்கு அறிவியற் சான்றும் உண்டு. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் தம் உடனாய்வாளரோடு வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வின் கொடிய நிகழ்வுகளையும் அவை பற்றிய உணர்வுகளையும் சில நாள்கள் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடியது குறைந்ததாகக் கண்டார். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டப் பெண், எழுதுகோலுக்கு மாற்றாகத் தன் குரலையே கொண்டிருந்தாள்.

இரண்டாம் வடிவம் வழிபாடு. தோட்டந்தோறும் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுந்தது. எல்லையில் முனீசுவரரும் மதுரை வீரனும் காவல் நின்றனர். ஜொகூர் பாருவில் இராஜமாரியம்மன் ஆலயம் 1911-இல் எழுந்தது. இன்று கண்ணாடிக் கோயிலாகப் புகழ்பெற்று விளங்கும் இராஜகாளியம்மன் ஆலயம் 1922-இல் ஓர் எளிய குடிலாகவே தொடங்கியது. காய்ச்சலும் அம்மையும் எந்நேரமும் உயிர்கொள்ளக்கூடிய காலத்தில், உருவமற்ற அச்சத்துக்கு ஓர் உருவமும், அதனோடு உரையாட ஒரு மொழியும் கிடைத்தன. ஆண்டு முழுதும் பிறர் ஏவலில் நடந்தவன், காப்புக் கட்டி, நோன்பிருந்து, தீமிதிக்கும் நாளில் தன் உடலைத் தன் உறுதிக்கு உட்படுத்தினான். அந்த ஒரு நாள் அவன் எவருக்கும் கூலியாளல்லன்.

இதனை வெறும் பழக்கம் என ஒதுக்குவோர் ஓர் ஆய்வினைக் கருத வேண்டும். மொரிசியசுத் தீவில் தமிழர் தைப்பூசத்தன்று எடுக்கும் காவடியை ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று 2019-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. அலகு குத்திக் காவடி எடுத்தோரின் உடல் நலத்தில் நிலையான கேடு காணப்படவில்லை என்றும், அவர்கள் தம் மனநலம் மேம்பட்டதாக உணர்ந்தனர் என்றும் அவ்வாய்வு கூறிற்று. நோயும் தாழ்வும் மிகுந்தோரே கடுமையான நேர்த்தியை மேற்கொண்டனர் என்பதும் அதில் புலனாயிற்று. துன்பத்தில் இருப்போர் தம் உள்ளத்தைத் தாமே சீர்செய்துகொள்ள முயல்வதை இது காட்டுகிறது.

மூன்றாம் துணையாக விளங்கியவர் தோட்டப் பள்ளி ஆசிரியர். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் பள்ளி நடத்துவதைக் கட்டாயமாக்கிற்று. ஜொகூர்த் தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. பல இடங்களில் அவை ஒரே கொட்டகையும் ஒரே ஆசிரியருமாக இருந்தன. பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்த ஆசிரியர், மாலையில் பெரியோர்க்குக் கடிதம் எழுதித் தந்தார். ஊரிலுள்ள தாய்க்கு என்ன எழுதுவது, எதனை எழுதாமல் விடுவது என்று அவரோடு கலந்து முடிவு செய்தபோது, சொல்ல வாயெழாதவனின் துயரும் வாக்கியமாயிற்று.

மயக்கமும் தெளிவும்

துயரை மறக்க வேறொரு வழியும் தோட்டத்திலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது. அது கள்ளுக்கடை. மாலையில் கூலியின் ஒரு பகுதி அங்கே சென்றது. கள் உணர்வை அறியச் செய்வதன்று, மரக்கச் செய்வது. பகலில் துரையிடம் காட்ட இயலாத சினம், இரவில் மனைவி மக்கள்மீது பாய்ந்தது. ஒப்பாரியும் கள்ளும் ஒரே துயரிலிருந்து பிறந்த இருவேறு வழிகள். ஒன்று துயரைப் பெயரிட்டுப் பகிர்ந்தது. மற்றொன்று அதனை மூடி மறைத்து வளர்த்தது. இவ்வேறுபாட்டை உணராமல், தொழிலாளர் யாவரும் உணர்வறிவு மிக்கோராய் வாழ்ந்தனர் என்று புகழ்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

சினத்தை மூடாமல், அதன் காரணத்தை ஆராய்ந்து, முறையான கோரிக்கையாக்கிய நாள்களும் வந்தன. 1941-இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் இதற்குச் சிறந்த சான்று. ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய அப்போராட்டத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களை இழிவுபடுத்துவது நிற்க வேண்டும், துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். தம்மை வருத்துவது பசி மட்டுமன்று, இளிவரலும் ஆகும் என்று அவர்கள் இனங்கண்டனர். தொல்காப்பியர் எண்ணிய மெய்ப்பாடு ஒன்றை, ஏடு அறியாத தொழிலாளர் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தனர். படை வரவழைக்கப்பட்டுப் போராட்டம் ஒடுக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் எழுந்த தெளிவு அழியவில்லை. போருக்குப்பின், 1947-இல் கெடா மாநிலத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது அத்தெளிவின் தொடர்ச்சியே.

மரண இரயிலும் மௌனமும்

இடையில் வந்தது ஜப்பானியர் ஆட்சி. 1942 சனவரியில் மூவார்ப் போரும், மாத இறுதியில் ஜொகூரின் வீழ்ச்சியும் நிகழ்ந்தன. இரப்பருக்குச் சந்தை இல்லாமற்போயிற்று. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சாக்குத் துணியே உடையாயிற்று. அந்நிலையில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு ஆள் திரட்டப்பட்டது. சில மாத வேலை, நாட்கூலி, உணவு என்று ஆசை காட்டினர். பின்னர் வலிந்தும் பிடித்தனர். மலாயாவிலிருந்து சென்றோர் 75,000-க்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் மாண்டனர். போர்க்கைதிகளுக்கு மருத்துவரும் படைக்கட்டுப்பாடும் ஓரளவேனும் இருந்தன. தமிழ்த் தொழிலாளர்க்கு அவையும் இல்லை.

இக்காலத்துப் பெண்கள் இருவகையில் வலிமை காட்டினர். கணவன் உயிரோடுள்ளானா இல்லையா என அறியாமலே பிள்ளைகளை வளர்த்தோர் பலர். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தியோர் சிலர். அவர்களுள் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். பெயர் சொல்லி அழைக்கப்படவும் தகுதியறிந்து பொறுப்பளிக்கப்படவும் அங்கே அவர்களுக்கு வாய்ப்புக் கிட்டியது.

மீண்டு வந்தவர்களோ பெரும்பாலும் பேசவில்லை. இறந்த உடலைக் காணாத வீட்டில் ஒப்பாரியும் முறையாக எழவில்லை. கேட்கக் காது இருந்திருந்தால் அவர்கள் பேசியிருக்கக் கூடும். ஆனால் 1948-இல் நெருக்கடிகாலம் பிறந்தது. கம்யூனிசக் கிளர்ச்சி கடுமையாக இருந்த மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் வந்தன. வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். வாய் திறப்பதே ஆபத்தான அக்காலத்தில் பழைய துயர் மேலும் உள்ளே ஒடுங்கிற்று. மரண இரயிலைக் களமாகக் கொண்ட மலேசியத் தமிழ் நாவல்கள், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்றவை, நெடுங்காலத்துக்குப் பின்னரே நூலுருப் பெற்றன. அதற்குள் சொல்லவேண்டியோர் பலர் மறைந்துவிட்டனர். சொல்லப்படாத துயர் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. காரணம் அறியாத கடுமையாகவும், காரணம் அறியாத அச்சமாகவும் அது பிள்ளைகளிடம் சேர்ந்துவிடும்.

பொறுமையும் உரிமையும்

போருக்குப்பின் தோட்டத்தில் புதிய காற்று வீசிற்று. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூர்த் தமிழ் இதழ்கள் ஜொகூர்த் தோட்டங்களை அடைந்தன. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு, படித்தவர் வாசிக்கப் படியாதவர் கேட்கும் இதழாயிற்று. அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாள், சாதியாலும் சமயத்தாலும் பிரிந்து நின்றோரை ஒரே மேடையில் நிறுத்தியது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் தலைமையில் கூலிப் பேச்சுகளை நடத்திற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வரும் நிலை ஏற்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர் சேர்த்த பணம், தோட்டங்களையே வாங்கியது. அச்சம் ஒரு சேமிப்பாக மாறிய வரலாறு அது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உணர்வறிவு என்னும் சொல்லை, எதையும் பொறுத்துக்கொள் என்னும் அறிவுரையாகத் திரித்துவிடலாகாது. குறைந்த கூலியும் ஒழுகும் கூரையும் தந்த அழுத்தத்துக்கு மருந்து, தொழிலாளியின் மனப்பயிற்சி மட்டுமன்று. நல்ல கூலியும் நல்ல கூரையுமே ஆகும். உணர்வை அறிந்தவன் இரண்டு செய்கிறான். மாற்ற இயலாத இழப்பைப் பிறரோடு பகிர்ந்து தாங்குகிறான். மாற்றக்கூடிய அநீதியைப் பிறரோடு சேர்ந்து மாற்றுகிறான். எது எத்தகையது என்று பிரித்தறிவதே அவ்வறிவின் சிறப்பு. ஜொகூர்த் தோட்டத் தமிழர் ஒப்பாரிக்கும் சங்கத்துக்கும் வாழ்வில் இடம் வகுத்துக்கொண்டது இத்தெளிவினாலேயே.

இன்று அத்தோட்டங்களில் பல இல்லை. இரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் வழிவிட்டது. தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வளர்கின்றனர். பெற்றோருள் பலர் விடியுமுன் எழுந்து கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைத்து இரவில் திரும்புகின்றனர். கூலி உயர்ந்தது, நோய் குறைந்தது. ஆயினும் துயர் வந்தால் வட்டமிட்டு அமர அண்டை வீட்டாரின் பெயரே தெரியாத நிலையும் சேர்ந்து வந்தது. லயம் இடிக்கப்பட்டபோது வறுமையின் சின்னம் மட்டும் இடியவில்லை. துயரைப் பகிரும் ஓர் ஏற்பாடும் இடிந்தது.

அவ்வேற்பாட்டில் இன்னும் எஞ்சி நிற்பது தமிழ்ப்பள்ளி. ஒரு காலத்தில் கடிதம் எழுதித் தந்த ஆசிரியரின் பணி முடிந்துவிடவில்லை. மெய்ப்பாடுகளைத் தேர்வுக்குரிய எண்ணிக்கையாக மட்டும் கற்பிக்காமல், இன்று உன் உள்ளத்தில் எழுந்தது வெகுளியா, இளிவரலா, அச்சமா என்று மாணவனை வினவலாம். வீட்டிலுள்ள முதியோரிடம் தோட்ட வாழ்வைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். அதனால் மாணவனின் தமிழும் வளரும். முதியவரின் நெஞ்சச் சுமையும் குறையும். தாத்தா ஏன் பேசாதிருந்தார் என்று அறிந்த பிள்ளை, தன் துயரைப் பேசத் தயங்கமாட்டான். நிரைகளில் வடிந்த பாலுக்குக் கணக்கு எழுதியோர் பலர். அங்கே வடிந்த கண்ணீருக்கும் வெளிப்பட்ட உறுதிக்கும் கணக்கு எழுதும் கடமை தமிழ் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உரியது.